ஆயிரம் வரை எண்ணிய துறவி



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு துறவி. பெயர் பிர்ட்ஃபெர்த். நமக்கு மட்டுமல்ல, இன்றைய ஆங்கிலேயருக்கும் நாக்கு புரளும் பெயர்தான். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலத்தில் தீவு போலக் கிடந்த ராம்சி என்னும் ஊரின் பெனடிக்ட் சபை மடத்தில் வாழ்ந்தார். 970 வாக்கில் பிறந்திருப்பார், 1020 வாக்கில் மறைந்திருப்பார் என்று கணிக்கிறார்கள். அவர் எழுதிய ‘கையேடு’ என்ற நூல் நான்கு பகுதிகள் கொண்டது. அதன் நான்காம் பகுதியில் ஒன்று முதல் ஆயிரம் வரை எண்களுக்கு உட்பொருள் சொல்கிறார். நம் பேச்சு அந்த நான்காம் பகுதியைப் பற்றியது.

விளம்பரத்தில் ‘எண்களின் உட்பொருள்’ என்று பார்த்துவிட்டு, பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் காசு வருமா என்று கேட்க வந்தவர்கள் யாராவது இருந்தால், வெளியே காபி இன்னும் சூடாக இருக்கிறது. 63, 108 என்று நம்மூர் எண்களைக் கொண்டுவந்து ஒப்பிடவும் போவதில்லை. ஒப்பிட ஆசை வரும்; எனக்கும் வருகிறது. ஒப்பிடத் தொடங்கினால் அந்த மனிதர் காணாமல் போய்விடுவார்.

முதலில் அவர் காலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1010ஆம் ஆண்டு டேனியப் படை கிழக்கு இங்கிலாந்துக்குள் புகுந்தது. தெட்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் எரிந்தன. அக்காலத்து ஆண்டுக் குறிப்பேடு, படை சதுப்பு நிலத்துக்குள்ளும் இறங்கி மனிதரையும் மாடுகளையும் கொன்றது என்று எழுதி வைத்திருக்கிறது. 1011 செப்டம்பரில் கான்டர்பரி வீழ்ந்தது. பேராயர் எல்ஃபேயா பிடிபட்டார். 1012 ஏப்ரல் 19, ஈஸ்டர் வாரத்துச் சனிக்கிழமை, கிரீனிச்சில் குடிபோதையில் இருந்த படைவீரர்கள் மாட்டெலும்பை எறிந்து அவரைக் கொன்றார்கள். பிர்ட்ஃபெர்த் தம் கையேட்டை எழுதியது 1010க்கும் 1012க்கும் நடுவில். நாடு பற்றி எரியும்போது ஒருவர் உட்கார்ந்து லீப் ஆண்டு எப்படி வருகிறது என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். பொறுப்பில்லாதவர் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர் நடந்தாலும் ஈஸ்டர் வரும். அது எந்த ஞாயிறு என்று யாராவது கணக்குப் போட்டாக வேண்டும்.

அந்தக் கணக்குதான் நூலின் முதல் மூன்று பகுதிகள். பஞ்சாங்கம் பார்த்தே வளர்ந்த நமக்கு அதன் சிக்கல் சட்டென்று புரியும்: சூரியனும் சந்திரனும் ஒத்துப்போவதில்லை. ஈஸ்டர், மார்ச் 21ஆம் தேதியோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. ஆக மூன்றையும் ஒரே நூலில் கட்ட வேண்டும்: சூரிய ஆண்டு, சந்திர மாதம், கிழமை. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைகிறது. ஆனால் 19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் ஏறக்குறைய சமம். கிழமைகளும் லீப் ஆண்டுகளும் சேர்ந்து பழைய இடத்துக்கு வர 28 ஆண்டு ஆகும். 19ஐ 28ஆல் பெருக்கினால் 532. ஜூலியன் நாட்காட்டியில் 532 ஆண்டுக்கு ஒருமுறை ஈஸ்டர் தேதிகள் எல்லாம் அதே வரிசையில் திரும்பி வரும். ஜாரோ மடத்தின் பீட் என்ற பெரும் அறிஞர் 725இல் எழுதிய ‘காலத்தைக் கணித்தல்’ நூலோடு 532 முதல் 1063 வரைக்குமான அட்டவணையையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

1011ஐயே போட்டுப் பார்ப்போம். 1011ஐ 19ஆல் வகுத்தால் மீதி 4. ஒன்றைக் கூட்டினால் 5. பத்தொன்பது ஆண்டுச் சுழற்சியில் அது ஐந்தாவது ஆண்டு. ஐந்தாவது ஆண்டுக்கு அட்டவணை சொல்லும் பௌர்ணமி மார்ச் 22. அந்த ஆண்டு அது வியாழக்கிழமை. அடுத்த ஞாயிறு மார்ச் 25. முடிந்தது. இன்று தாளும் பேனாவும் இருப்பதால் அரை நிமிட வேலை. அவர்களிடம் இருந்தவை ரோமன் எண்கள்; பூஜ்யம் கிடையாது. நம் நாட்டிலிருந்து அரபியர் வழியாகச் சென்ற ஒன்பது எண்ணுருக்களை ஸ்பெயினின் அல்பெல்டா மடத்துத் துறவி ஒருவர் 976இல் ஒரு சுவடியில் எழுதி வைத்தார். ஐரோப்பியச் சுவடி ஒன்றில் அவை தென்படுவது அதுவே முதல்முறை. ராம்சி வரை அவை வந்து சேரவில்லை.

இதைத் தப்பாகக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏழாம் நூற்றாண்டில் நார்தம்பிரியா அரசர் ஓஸ்வியு அயர்லாந்து முறையில் ஈஸ்டர் கொண்டாடினார். அரசி ஈன்ஃபிளேட் ரோமை ஒட்டிய முறையில் வளர்ந்தவர். அரசர் விருந்து உண்ணும் நாளில் அரசி இன்னும் தவக்கால நோன்பில் இருப்பார். ஒரே அரண்மனை, இரண்டு ஈஸ்டர். 664இல் விட்பியில் சபை கூட்டித்தான் அதைத் தீர்த்தார்கள்.

பிர்ட்ஃபெர்த் யாருக்காக எழுதினார் என்பது முக்கியம். மடத்தில் படிக்கும் இளந்துறவிகளுக்கு லத்தீனில் எழுதுகிறார். நடுநடுவே நிறுத்தி, லத்தீன் தெரியாத கிராமத்துப் பங்குக் குருக்களுக்காக அதையே ஆங்கிலத்தில் சொல்கிறார். அந்தக் குருக்கள் சோம்பேறிகள் என்பது அவருடைய தீர்மானமான முடிவு; அடிக்கடி குத்திக்காட்டுவார். உடனே துறவிகளைப் பார்த்து, உங்களுக்குத் தெரிந்ததுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார். வாத்தியார்தனம் கொஞ்சம் தூக்கலான மனிதர். ஆனால் நல்ல வாத்தியார். பாடத்தை எப்படிப் படிப்படியாகக் கட்டுவது என்பதற்கு வீடு கட்டுவதை உவமை சொல்கிறார்: முதலில் மனையைப் பார்க்கிறோம், மரத்தை வெட்டிச் செதுக்குகிறோம், உத்தரம் ஏற்றுகிறோம், கைமரம் பொருத்துகிறோம், அதற்கப்புறம்தான் அலங்காரம். வீடு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுத்து அது.

இப்போது எல்லோரும் உங்கள் இடக்கையை விரியுங்கள். பீட் தம் நூலைக் கைவிரல் கணக்கோடுதான் தொடங்குகிறார். சுண்டுவிரலை மடக்கி உள்ளங்கை நடுவில் வையுங்கள். ஒன்று. மோதிரவிரலையும் மடக்குங்கள். இரண்டு. நடுவிரலையும். மூன்று. இப்போது சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்துங்கள். நான்கு. சிலருக்கு வராது, வலிக்கும். பழகினால் வரும். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றும் ஒன்று முதல் ஒன்பது வரைக்கும் போதும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பத்துகளுக்கு. அப்படி இடக்கையிலேயே 99 வரை வந்துவிடலாம். நூறுக்கும் ஆயிரத்துக்கும் வலக்கை. இரண்டு கையிலுமாக 9,999. அதற்கு மேல் கையை மார்பில், தொப்புளில், தொடையில் வைத்துப் பத்தாயிரங்கள். இரு கை விரல்களையும் கோத்துக்கொண்டால் பத்து லட்சம்.

இதை வைத்து ரகசியம் பேசலாம் என்றும் பீட் சொல்லித் தருகிறார். லத்தீன் எழுத்துகளுக்கு வரிசை எண் கொடுத்து விரலில் காட்டினால் ஆயிற்று. பொல்லாதவர்கள் நடுவே மாட்டிக்கொண்ட நண்பனுக்கு ‘ஜாக்கிரதை’ என்று தெரிவிக்க 3, 1, 20, 19, 5 என்று தொடங்க வேண்டும். மௌனம் காக்கும் மடத்தில் இது வேறு எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கையை இறக்க வேண்டாம். ஆட்காட்டி விரலின் நுனியையும் கட்டைவிரலின் நுனியையும் மெல்லத் தொடவையுங்கள். அது 30. இப்போது கட்டைவிரலை வளைத்து, அதன் மேல் ஆட்காட்டி விரலை அழுத்தி வையுங்கள். அது 60. இனி இடக்கையை விட்டு வலக்கைக்கு வாருங்கள். ஆட்காட்டி விரலை மடக்கிக் கட்டைவிரலோடு ஒரு வட்டம் போடுங்கள். அது 100. மத்தேயு நற்செய்தியில் விதைப்பவர் உவமை இருக்கிறது அல்லவா? நல்ல நிலத்தில் விழுந்த விதை சில நூறு மடங்கும் சில அறுபது மடங்கும் சில முப்பது மடங்கும் பலன் தந்தது. ஏன் இந்த மூன்று எண்கள்? நான்காம் நூற்றாண்டில் புனித ஜெரோம் விரலைப் பார்த்து விடை சொன்னார். முப்பது இல்லறம், இரண்டு விரல்களும் முத்தமிடுவது போலச் சேர்கின்றன. அறுபது கைம்பெண், மேல்விரல் கீழ்விரலை அழுத்துகிறது, வாழ்க்கை அவளை அழுத்துவது போல. நூறு கன்னிமை; இடத்திலிருந்து வலத்துக்கு மாறி, கிரீடம் போல வட்டமாகிறது.

ஜெரோமின் வரிசைப்படுத்தலை இன்று ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கைம்பெண்ணுக்கு அவர் கொடுத்த எண்ணில் இரக்கம் இருக்கிறது. இல்லறத்துக்குக் கடைசி இடம் கொடுத்ததில் ஒரு துறவியின் கர்வமும் இருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. விரலில் கணக்குப் போடத் தெரியாதவனுக்கு இந்த விளக்கம் விளங்கவே விளங்காது. முதலில் கை பழக வேண்டும், அதற்குப் பின்னால்தான் பொருள். பிர்ட்ஃபெர்த்தும் எண்களின் உட்பொருளை நான்காம் பகுதியில்தான் வைத்தார். மூன்று பகுதி வறட்டுக் கணக்கைக் கடந்து வந்தவனுக்கு மட்டும்தான் அந்தக் கதவு. எண்ணில் மறைபொருள் தேடியவர்களைக் கணக்குத் தெரியாத மூடநம்பிக்கைக்காரர்கள் என்று நினைக்கிறோம். அந்த நாளில் ஐரோப்பாவில் ஒழுங்காகக் கணக்குத் தெரிந்தவர்களே அவர்கள்தாம்.

சரி, நான்காம் பகுதிக்குள் போவோம். அவர் சொல்வதில் பெரும்பகுதி சொந்தச் சரக்கு அல்ல. அகுஸ்தினார், செவில் நகரத்து இசிதோர், பீட், ஹ்ரபானுஸ் மவுருஸ் என்று முன்னோர் சேர்த்து வைத்த சொத்து. அதில் சுலபமான பக்கம் நமக்கு அதிக நேரம் வேண்டாம். ஒன்று என்றால் கடவுள், மூன்று என்றால் திரித்துவம், பத்து என்றால் கட்டளைகள், பன்னிரண்டு என்றால் திருத்தூதர். எந்த மறைக்கல்வி வகுப்பிலும் குழந்தை சொல்லும். சுவாரஸ்யம் எண்ணை உடைக்கும்போதுதான் வருகிறது.

ஆறை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றையும் கூட்டினால் திரும்பவும் ஆறு. இப்படித் தன் வகுத்திகளின் கூட்டுத்தொகையே தானாக இருக்கும் எண்ணை நிறைவெண் என்று கிரேக்கக் கணிதர்கள் அழைத்தார்கள். ஆறுக்கு அடுத்தது 28, அதற்கடுத்தது 496, பிறகு 8,128. பண்டையோருக்குத் தெரிந்தவை இந்த நான்குதான். கடவுள் உலகை ஆறு நாளில் படைத்தார் என்பதால் ஆறு நிறைவெண் ஆனதா? அகுஸ்தினார் தலைகீழாகச் சொன்னார்: ஆறு நிறைவெண் என்பதால்தான் ஆறு நாளில் படைத்தார், உலகமே இல்லாவிட்டாலும் ஆறு நிறைவெண்ணாகவே இருந்திருக்கும். எவ்வளவு துணிச்சலான கருத்து பாருங்கள்! படைப்புக்கும் முந்தியதாக ஒரு கணித உண்மையை நிறுத்துகிறார், அதுவும் ஓர் ஆயர்.

நிறைவெண்ணில் அடுத்த 28ஐ எடுத்துக்கொண்டவர் ஜெர்மனியின் ஃபுல்டா மடத்து ஹ்ரபானுஸ். திருச்சிலுவையைப் போற்றி 810 வாக்கில் ஒரு நூல் எழுதினார். அதில் 28 சித்திரக் கவிகள். ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துகள் கட்டம் கட்டமாக வரிசையாக நிற்கும். அவற்றின் மேல் உருவம் வரையப்பட்டிருக்கும். உருவத்துக்குள் சிக்கும் எழுத்துகளை மட்டும் படித்தால் தனியாக ஒரு செய்யுள் வரும். முதல் பக்கத்தில் கை விரித்து நிற்கும் கிறிஸ்து. கடைசிப் பக்கத்தில் சிலுவைக்கு அடியில் மண்டியிட்டிருக்கும் ஹ்ரபானுஸ். 28ஐத் தேர்ந்ததற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார். அதே மனிதர் 820இல் எழுதிய காலக்கணித நூலில் ஒரு மணி நேரத்தை 22,560 ‘அணுக்களாக’ப் பிரித்திருக்கிறார். இன்றைய கணக்கில் ஓர் அணு ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை அளக்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை, தேவையும் இல்லை. அந்தப் பிரிவைக் கடைசி வரை கொண்டுபோய்ப் பார்க்காமல் அவருக்கு மனம் ஆறவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து 153. உயிர்த்த இயேசு கரையில் நிற்கிறார். சீடர்கள் வலையை இழுக்கிறார்கள். 153 பெரிய மீன்கள் என்று யோவான் எழுதுகிறார். ஏன் 150 இல்லை? ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டிப் பாருங்கள்: 153. பதினேழு எங்கிருந்து வந்தது? பத்துக் கட்டளைகள், தூய ஆவியின் ஏழு கொடைகள். சட்டமும் அருளும் சேர்ந்து பிடித்த மீன்கள் என்று அகுஸ்தினார் விளக்கினார். கேட்டவர்கள் வாய்பிளந்திருப்பார்கள். நானும் முதலில் படித்தபோது, சரிதானா என்று ஒரு தாளில் பதினேழையும் கூட்டிப் பார்த்தவன்தான்.

பிர்ட்ஃபெர்த்துக்கு மிகவும் பிடித்த எண் நான்கு. எங்கே போனாலும் நான்கைக் கண்டுபிடித்துவிடுவார். பருவம் நான்கு, பூதம் நான்கு (ஐரோப்பியர் ஆகாயத்தைச் சேர்க்கவில்லை), திசை நான்கு, நற்செய்தி நான்கு, தலையாய நற்பண்பு நான்கு, மனித வயது நான்கு. இந்த நான்குகளை எல்லாம் அவர் ஒரே படத்தில் வரைந்தார். ராம்சிக்கு அருகிலிருந்த தோர்னி மடத்தில் 1110 வாக்கில் எழுதப்பட்ட ஒரு சுவடியில் அந்தப் படம் இருக்கிறது; சுவடி இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் உள்ளது. உள்ளே சாய்சதுரம், சுற்றி வளைகோடுகள், அவற்றின் மேல் ராசிகள், மாதங்கள். இளவேனிலுக்குக் காற்று, ஈரமும் வெப்பமும், குழந்தைப் பருவம், பதினான்கு வயது வரை. கோடைக்கு நெருப்பு, வளரிளம் பருவம், 28 வரை. இலையுதிர் காலத்துக்கு மண், முழு வயது, 48 வரை. குளிர்காலத்துக்கு நீர், முதுமை, 70 அல்லது 80. இந்த ‘அல்லது’ எனக்குப் பிடிக்கும். மற்ற எல்லாம் கச்சிதமாகப் பொருந்திய படத்தில், மனிதன் சாகும் வயதுக்கு மட்டும் இரண்டு எண் போட வேண்டி வந்துவிட்டது.

உள்ளே நான்கு திசைகளுக்கும் கிரேக்கப் பெயர்: அனதோலே, துசிஸ், ஆர்க்தோஸ், மெசெம்ப்ரியா. முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆதாம். முதல் மனிதனின் பெயருக்குள் உலகின் நான்கு மூலையும் இருக்கிறது என்பது பழைய கண்டுபிடிப்பு. அகுஸ்தினார் இதில் இன்னும் ஒரு படி ஏறினார். கிரேக்கர்கள் எழுத்துகளையே எண்களாகவும் பயன்படுத்தினார்கள். அப்படிப் பார்த்தால் ஆதாம் என்பது 1, 4, 1, 40. கூட்டினால் 46. எருசலேம் ஆலயம் கட்ட 46 ஆண்டு ஆயிற்று என்று யோவான் நற்செய்தியில் ஒரு வரி வருகிறது. அங்கே இயேசு ஆலயம் என்று சொல்வது தம் உடலை. ஆதாமிடமிருந்து வந்த உடல் அது. கணக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

இப்போது என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு எப்போதும் வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பதுதான் பிரச்சினை. எட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டின் வகுத்திகள் 1, 2, 4. கூட்டினால் ஏழுதான், ஒன்று குறைகிறது. சார்லமேனின் அவையில் இருந்த அல்குயின் இதைப் பிடித்துக்கொண்டார்: நோவாவின் பேழையில் இருந்தவர்கள் எட்டுப் பேர், மனித குலம் இரண்டாம் முறை தொடங்கியது அந்தக் குறையுள்ள எண்ணிலிருந்து, ஆறில் தொடங்கிய முதல் படைப்பைவிட அது தாழ்ந்தது. நல்லது. ஆனால் மற்ற உரையாசிரியர்களுக்கு எட்டு என்பது உயிர்ப்பு. ஏழு நாள் வாரம் முடிந்து எட்டாம் நாள் ஞாயிறு, புது உலகம். மிலானிலும் ரோமிலும் திருமுழுக்கு மண்டபங்களை எண்கோணமாகக் கட்டினார்கள். அல்குயினை அவையில் வைத்திருந்த அதே சார்லமேன் ஆஹெனில் கட்டிய கோயிலின் நடுமண்டபமும் எண்கோணம்தான். ஒரே எண் குறையும் ஆகிறது, மகிமையும் ஆகிறது. பதினொன்று பாவத்தின் எண்ணாம், பத்துக் கட்டளைகளை மீறுவதால். பன்னிரண்டும் பத்தை மீறத்தானே செய்கிறது என்று கேட்டால், அது திருத்தூதர்கள்.

இந்த முறையில் தோற்கவே முடியாது. கூட்டு, பெருக்கு, வகு, முன்னால் உள்ள எண்ணோடு சேர், பின்னால் உள்ளதிலிருந்து கழி. ஏதாவது ஒரு வழியில் வேண்டிய இடத்துக்கு வந்துவிடலாம். ஈஸ்டர் கணக்கு அப்படி அல்ல. அட்டவணையில் இன்று பௌர்ணமி என்று எழுதியிருந்தால், இரவில் வெளியே வந்து தலையைத் தூக்கினால் தெரிந்துவிடும். தெரியவும் செய்தது. பத்தொன்பது ஆண்டுச் சுழற்சி ஏறத்தாழ 300 ஆண்டுக்கு ஒருநாள் பிசகும். ஜூலியன் ஆண்டும் 128 ஆண்டுக்கு ஒருநாள் பின்தங்கும். கணக்கிட்ட வயதைவிட நிலா சில சமயம் மூத்துத் தெரிவது ஏன் என்று ஓர் அதிகாரமே எழுதினார் பீட். விளக்கம் என்னவோ திருப்தியாக இல்லை. ஆனால் மறைக்காமல் எழுதினார். பிர்ட்ஃபெர்த் காலத்தில் உண்மையான வசந்த சம இரவு நாள், மார்ச் 21க்கு ஐந்தாறு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. அந்தப் பிழை கூடிக்கூடி, 1582இல் போப் கிரகோரி பத்து நாட்களை நாட்காட்டியிலிருந்தே எடுத்தெறிய வேண்டியதாயிற்று.

ஒரே ஆள், ஒரே எண்கள், இரண்டு வகைக் கணக்கு. ஒன்றைச் சரிபார்க்க வானம் இருந்தது. மற்றதைச் சரிபார்க்க விவிலியம் மட்டுமே இருந்தது, அதையும் விளக்குபவர் அதே ஆள். ஆகவே நிரூபணம் என்று கேட்டால் எண்களின் உட்பொருளுக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். நினைவுக் கலை என்று கேட்டால் நிறையத் தருவேன். புத்தகம் ஒன்றிரண்டுதான் உள்ள கிராமத்துக் குருவிடம், வருடத்தில் 365 நாள், அதில் பத்தில் ஒரு பங்கு கடவுளுக்கு, ஆகவே தவக்காலத்தில் ஞாயிறு நீங்கலாக 36 நாள் நோன்பு என்று சொல்லிவிட்டால் சாகும் வரை மறக்கமாட்டார். ஊராருக்கும் எடுத்துச் சொல்வார். 1582க்கு வெகு காலம் முந்திய போப் பெரிய கிரகோரியே பிரசங்கத்தில் அந்தக் கணக்கைச் சொன்னவர்தான்.

இத்தனை தாராளமாகப் பொருள் தேடியவர்களுக்கும் ஓரிடத்தில் கை நின்றது. அதற்குப் பிர்ட்ஃபெர்த்தின் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரான்ஸின் ஃப்ளூரி மடத்திலிருந்து அபோன் என்ற அறிஞர் 985இல் ராம்சிக்கு வந்து இரண்டு ஆண்டு பாடம் சொன்னார். பிர்ட்ஃபெர்த் அப்போது பதினைந்து பதினாறு வயதுப் பையனாக இருந்திருப்பார். அந்த இரண்டு ஆண்டு அவர் வாழ்க்கை முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. கையேட்டில் அபோன் பெயரை நன்றியோடு சொல்கிறார். அபோன் திரும்பிப் போய் ஃப்ளூரிக்கே மடாதிபதி ஆனார். 1004இல் லா ரியோல் என்ற இடத்து மடத்தைச் சீர்திருத்தப் போனபோது அங்கே நடந்த கலவரத்தில் ஈட்டிக் குத்து வாங்கி இறந்தார்.

இந்த அபோன் இளைஞராக இருந்தபோது பாரிஸ் கோயில் ஒன்றில் ஒரு பிரசங்கம் கேட்டார். ஆயிரம் ஆண்டு நிறைந்ததும் எதிர்க்கிறிஸ்து வருவான், சிறிது காலத்தில் இறுதித் தீர்ப்பு என்றார் பிரசங்கி. திருவெளிப்பாட்டையும் தானியேலையும் நற்செய்திகளையும் எடுத்துவைத்து அதை மறுத்ததாக அபோன் பின்னாளில் எழுதினார். இன்னொரு வதந்தியும் அவர் காதுக்கு வந்தது: மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25ம் புனித வெள்ளியும் ஒரே நாளில் வந்தால் உலகம் அழியும். 992இல் அப்படி வந்தது. உலகம் அழியவில்லை. கணக்குத் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அதற்கு முன்பு 981இலும் 970இலும் வந்திருந்தது; சுழற்சியைப் போட்டுப் பார்த்தால் இனியும் வரும். உலகம் எப்போது முடியும் என்று கணக்கிட்டுப் பயமுறுத்தியவர்களுக்குக் கணக்காலேயே பதில் இருந்தது.

பீட்டுக்கும் இந்தத் தொல்லை உண்டு. படைப்பிலிருந்து கிறிஸ்து பிறப்பு வரை 3,952 ஆண்டு என்று அவர் எபிரேய விவிலியத்தை வைத்துக் கணக்கிட்டார். வழக்கத்தில் இருந்த கணக்கோ 5,000 ஆண்டுக்கு மேல். ஒரு விருந்தில் யாரோ அவரை மதத்துரோகி என்று சொல்லிவிட, 708இல் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். உலகம் முடிய இன்னும் எத்தனை ஆண்டு என்று நாட்டுப்புறத்தார் ஓயாமல் கேட்கிறார்களே என்ற அலுப்பும் அதில் தெரிகிறது. உலகத்தின் வரலாற்றை ஆறு யுகமாகப் பிரித்தபோது, முதல் ஐந்துக்கும் ஆண்டுக் கணக்கு போட்டவர், தாம் வாழ்ந்த ஆறாம் யுகத்துக்குப் போட மறுத்துவிட்டார்.

இனி பிர்ட்ஃபெர்த்தின் ஆயிரம். சாத்தான் ஆயிரம் ஆண்டு கட்டிவைக்கப்படுவான், பிறகு அவிழ்த்துவிடப்படுவான் என்கிறது திருவெளிப்பாட்டின் இருபதாம் அதிகாரம். கிறிஸ்து பிறந்து ஆயிரம் ஆண்டு கடந்தாயிற்று. கேம்பிரிட்ஜ் எரிந்துவிட்டது. நான்கை வைத்து அண்டத்தையே ஒரு பக்கத்தில் வரைந்த மனிதர், இந்த எண்ணை வைத்து எதைத்தான் சொல்லியிருக்க முடியாது! கேட்கவும் ஆள் இருந்தது. பயமும் கைவசம் இருந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: ஆயிரம் நிறைவான எண். மனிதர் கணக்குப்படி அது முடிந்துவிட்டது. எப்போது முடிப்பது என்பது மீட்பர் கையில் இருக்கிறது. பத்தைப் பத்தால் பெருக்கி, மீண்டும் பத்தால் பெருக்கினால் வரும் கனம் ஆயிரம். ஆகவே அது முழுமையைக் குறிக்கலாம், ஆண்டுகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அகுஸ்தினார் முன்பே வழி காட்டியிருந்தார்.

பிர்ட்ஃபெர்த்தின் கையேடு முழுமையாக இன்று ஒரே ஒரு சுவடியில்தான் கிடைக்கிறது; ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் ஆஷ்மோல் 328 என்ற எண்ணில் இருக்கிறது. ராம்சி மடம் 1539இல் எட்டாம் ஹென்றியால் மூடப்பட்டது. பிர்ட்ஃபெர்த் எழுதிப் பெயர் போடாமல் விட்ட புனிதர் வரலாறுகள் சிலவற்றையும் இருபதாம் நூற்றாண்டில் நடையை வைத்தே அவருடையவை என்று அடையாளம் கண்டார்கள். மைக்கேல் லாபிட்ஜ் அதில் முக்கியமானவர். அவரும் பீட்டர் பேக்கரும் சேர்ந்து 1995இல் கையேட்டின் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். ஆர்வமுள்ளவர்கள் அதில் நான்காம் பகுதியிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் பகுதியிலிருந்து படியுங்கள், கையில் ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு. அவர் எழுதியதும் அப்படிப் படிப்பவர்களுக்காகத்தான்.